இரண்டு வருஷமாக 40ஆம் பக்கத்தில் நின்ற புத்தகம் முடிந்தது

நேற்றுக் காலை ஐந்தரை மணிக்குச் சித்தப்பாவிடமிருந்து போன். அந்த நேரத்தில் போன் வந்தால் யாருக்கோ உடம்பு சரியில்லை என்றுதான் முதலில் தோன்றும். பதறி எடுத்தேன். "முடிச்சுட்டேன்டா, ராத்திரி ரெண்டு மணிக்கு முடிச்சேன், விடியட்டும்னு காத்திருந்தேன்" என்றார். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. இரண்டு வருஷத்துக்கு முன் நான் கொடுத்தது, நாற்பதாம் பக்கத்தில் பேருந்துச் சீட்டைச் செருகி அலமாரியில் வைத்துவிட்டார். எத்தனையோ தடவை எடுத்து, அதே நாற்பதோடு திரும்ப வைத்திருக்கிறார். அந்தப் புத்தகத்தைப் பதினெட்டே நாளில் முடித்திருக்கிறார் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஐந்து பேர் புத்தகப் பரிமாற்றத்துக்கு இது நான்காவது மாதம். மாதக் கடைசி ஞாயிறு மொட்டை மாடி, என்ன படிக்கிறோம் என்று ஆளுக்குப் பத்து நிமிஷம், ஆளுக்கு ஒரு புத்தகம் கைமாறும். இதெல்லாம் எல்லோரும் செய்வதுதான். என் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருப்பது கைமாறிய பிறகு நடக்கிற விஷயம். வாங்கிக்கொண்டு போகிறவர்களில் பாதிப் பேர் படிப்பதே இல்லை. நல்ல புத்தகம், கட்டாயம் படியுங்கள் என்று எவ்வளவு உருகிச் சொன்னாலும் நடக்காது, சொல்லப்போனால் உருக உருகத்தான் பயந்து தள்ளி வைக்கிறார்கள். அதனால் புகழ்வதை நிறுத்திவிட்டு ஒரு சீட்டு எழுத ஆரம்பித்தேன். நுழைவுச் சீட்டு என்று எங்களுக்குள் பெயர். எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் வரை முதலில் படிக்க வேண்டும், அதற்குத் தெரிந்திருக்க வேண்டிய நாலு சொல், அவ்வளவுதான். அந்தப் பகுதியைப் படித்துவிட்டுப் பிடித்தால் முதல் பக்கத்துக்குப் போகலாம், பிடிக்காவிட்டால் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், நான் ஏன் என்று கேட்க மாட்டேன்.

சிங்காரத்துக்கு இந்தச் சீட்டை எழுத எனக்கு மூன்று வாரம் ஆனது. ஜப்பான்காரன் காலத்தில், சுமத்ராவின் மேடான் நகரத்தில் கதை தொடங்குகிறது, தெருப் பெயர்களே வாசகரை மிரட்டும். ஸ்ட்ராட் என்றால் டச்சில் தெரு, ஜாலான் என்றால் மலாயில் தெரு, இது தெரியாமல் அந்தப் பெயர்களுக்குள் நடந்தால் மூச்சு வாங்கும். சித்தப்பா நின்ற இடமும் அதுதான். முப்பத்திரண்டு வருஷம் தபால் கொடுத்தவருக்குத் தெரு புரியவில்லை என்றால் கோபம் வராதா? முதலில் நான் எழுதிய சீட்டில் இருபத்தாறு சொல்லுக்கு அர்த்தம் இருந்தது. அதைப் பார்த்தால் பரீட்சைக்குக் குறிப்பு எடுத்த மாதிரி இருந்தது, கிழித்துப் போட்டேன். இரண்டாவதில் பன்னிரண்டு. கடைசியில் ஏழு: ஸ்ட்ராட், ஜாலான், தவ்கே (முதலாளி), துவான் (ஐயா), கிட்டங்கி (கிடங்கு), அடுத்தாள் (கடையில் முதலாளுக்கு அடுத்தவர்), தொங்கான் (பாய்மரச் சரக்குப் படகு). இதில் கிட்டங்கியும் அடுத்தாளும் நகரத்தார் வட்டிக்கடைச் சொற்கள், சிவகங்கைப் பக்கம் வேலை பார்த்ததால் அவருக்குக் கொஞ்சம் பழக்கம். தெரிந்த சொல்லையும் ஏன் எழுதினாய் என்று தங்கை கேட்டாள். ஏழில் இரண்டு தெரிந்ததாக இருந்தால் ஆளுக்குத் தைரியம் வரும், வேண்டுமென்றேதான் வைத்தேன்.

நுழைகிற இடம் அதைவிடக் கஷ்டம். சுமத்ராவிலிருந்து பினாங்குக்குத் தொங்கானில் போகும்போது புயலில் மாட்டுகிற பகுதியைத்தான் யாராக இருந்தாலும் முதலில் நினைப்பார்கள், தலைப்பிலேயே இருக்கிறதே. நானும் அதைத்தான் எழுதி வைத்தேன். ஆனால் அந்தப் பகுதியின் வேகத்துக்கு முன்னால் வந்ததெல்லாம் தேவைப்படுகிறது, தனியாகப் பிய்த்துப் படித்தால் வெறும் சாகசக் காட்சியாக நின்றுவிடுகிறது. திரும்பத் திரும்பப் புரட்டி, கதாநாயகன் பாண்டியன் தன் சொந்த ஊரான சின்னமங்கலத்தை நினைக்கிற பக்கங்களைப் பிடித்தேன். சந்தை, வண்டிகள், ஆட்கள், கடைகள் என்று ஒரு பையன் கண்ணால் பார்க்கிற ஊர். சித்தப்பா அந்தப் பக்கத்துச் சந்தைகளில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனவர். சிங்காரம் பிறந்தது சிங்கம்புணரியில் என்று சீட்டின் ஓரத்தில் ஒரு வரி சேர்த்தேன். அது போதும் என்று அப்போது எனக்கே தெரியாது. மூன்றாம் நாள் போனில், "இந்தச் சந்தை எனக்குத் தெரியும்டா" என்றார். அதற்கப்புறம் மேடானுக்கு அவரே போய்விட்டார்.

1972இல் வந்த நாவல் இது, அதற்குப் பத்து வருஷம் முன்பே எழுதி முடித்திருந்தார் சிங்காரம். தினத்தந்தியில் வேலை, மதுரை ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் ஒற்றையாளாகப் பல காலம் வாசம். இத்தனை பெரிய கடலை எழுதியவர் நம் ஊர்த் தெருவில் நடந்து போயிருக்கிறார், எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு கனக்கும்.

சீட்டுக்கான காகிதம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முதல் மாதம் கடையில் விற்கும் பசைத் தாளை ஒட்டினேன். புதுப் புத்தகத்துக்குச் சரி. பழைய பதிப்புகளில் ஒட்டி எடுத்தால் எழுத்தோடு தோலும் உரிந்து வருகிறது, ஒரு பக்கத்தின் ஓரம் போனதைப் பார்த்துச் சாப்பாடு இறங்கவில்லை. இப்போது தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம்தான். அளவு கச்சிதம், இடம் குறைவு என்பதால் தானாகவே சுருக்கமாக எழுத வரும். பாதியாக மடித்துப் பக்கத்தின் மேல் விளிம்பில் தொப்பி மாதிரி மாட்டிவிட்டால் விழாது. பென்சிலில் எழுதுங்கள், ஜெல் பேனா மை அடுத்த பக்கத்தில் இறங்கும்.

உ.வே.சா.வின் 'என் சரித்திர'த்துக்கு எழுதிய சீட்டு வேறு விதமாக வேலை செய்தது. வாங்கிப்போனவர் அலுவலகத்தில் என்னோடு வேலை பார்ப்பவர், கும்பகோணத்துக்காரர். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் சேர்ந்த உ.வே.சா., அங்கே முன்சீபாக (உரிமையியல் நீதிபதியாக) வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார் இல்லையா, அந்த இடத்திலிருந்து தொடங்கச் சொன்னேன். தான் படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் எல்லாம் வரிசையாகச் சொல்கிறார், முதலியார் அசையவே இல்லை, சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். அந்த ஒரு கேள்விதான் 1887இல் சீவக சிந்தாமணிப் பதிப்பாக வருகிறது, அதற்குப் பின் பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை. இதை எப்போது படித்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். விகடனில் 1940லிருந்து தொடராக வந்தது என்பதால் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் தனி வாசல் உண்டு, நடுவில் நுழைவதற்கு இதைவிட வசதியான புத்தகம் கிடையாது.

ஆனால் அந்தச் சீட்டில் ஒரு தப்புச் செய்துவிட்டேன். சின்ன வயசுக் கதைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், விட்டாலும் பரவாயில்லை என்று எழுதியிருந்தேன். அவர் திருப்பிக் கொடுக்கும்போது, "சார், விடலாம்னு எழுதினீங்களே, எனக்கு அதுதான் சார் உயிரே" என்றார். பையனுக்கு நல்ல ஆசிரியர் கிடைக்க வேண்டும் என்று அப்பா குடும்பத்தோடு ஊர் ஊராக இடம் மாறுவதும், மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் முன் போய் நிற்பதும் இல்லாமல் அந்த முன்சீப் வீட்டுக் காட்சிக்கு என்ன கனம் இருக்கிறது என்று கேட்டார். அவர் சொன்னதுதான் சரி. இனிமேல் எந்தச் சீட்டிலும் "விடலாம்" என்ற சொல் கிடையாது. எங்கே நுழைவது என்பதோடு என் வேலை முடிந்தது. (இந்தப் புத்தகத்தை மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். ஆனால் 122 அத்தியாயத்தைத் திரையில் படிக்கக் கண் ஒத்துழைக்காது. நத்தம் ரோடு கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து படிப்பது எனக்கு இதமாக இருக்கிறது.)

தங்கைக்கு அடுத்து கி.ரா.வின் 'கோபல்ல கிராமம்' போகிறது. அதற்குச் சொற்பட்டியல் நானாக எழுதப் போவதில்லை, கி.ரா.வே 1982இல் கரிசல் வட்டாரப் பேச்சுக்கு ஒரு சொல்லகராதி கொண்டுவந்திருக்கிறார், அதையும் சேர்த்தே கொடுக்க ஆசை. பழைய பிரதி எங்காவது கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருக்கிறேன். ஒரு கடைக்காரர் இரண்டு மாதமாக நாளைக்கு நாளைக்கு என்கிறார், முன்பணமும் வாங்கிக்கொண்டார், எனக்கு அது பெரிய வருத்தம். தமுக்கம் புத்தகத் திருவிழா வரும்வரை பொறுக்க வேண்டியதுதான் போல. தங்கைக்குக் கொடுக்கும் வரை அசோகமித்திரனின் 'தண்ணீர்' அவளிடம் இருக்கட்டும் என்று அனுப்பினேன், அதற்குச் சீட்டே வேண்டாம். சின்னப் புத்தகம், குழாயில் தண்ணீர் வராத ஒரு சென்னைத் தெரு, ஜமுனா, அவ்வளவுதான், எடுத்தவர்கள் கீழே வைக்க மாட்டார்கள்.

அதே அசோகமித்திரன்தான் இந்த மாதம் என்னைத் தோற்கடித்தார். பக்கத்து வீட்டுத் தம்பி கல்லூரியில் இரண்டாம் வருஷம், கிரிக்கெட் என்றால் சோறு வேண்டாம். '18வது அட்சக்கோடு' அவனுக்காகவே எழுதியது மாதிரி எனக்குத் தோன்றியது. செகந்திராபாத்தில் சந்திரசேகரன் என்ற பையன், கிரிக்கெட் ஆட்டம், சுற்றிலும் நிஜாம் ஆட்சியின் கடைசி நாட்கள், 1948. கிரிக்கெட் வரும் பக்கங்களை எழுதிக் கொடுத்தேன். அந்தப் பக்கங்களை மட்டும் ரசித்துப் படித்துவிட்டு, "நல்லா இருந்துச்சுண்ணே" என்று புத்தகத்தை நீட்டினான். மேலே போகவில்லையா என்றால், ஆட்டம் முடிஞ்சுருச்சே என்கிறான். இரண்டாவது சீட்டில் ரஜாக்கர்கள் (நிஜாம் பக்கம் நின்ற ஆயுதப் படை), நிஜாம், இந்திய ராணுவம் என்று வரலாற்றைக் கொஞ்சம் விளக்கினேன். அது இன்னும் மோசம், பாடப் புத்தகம் மாதிரி இருக்கிறது என்று சீட்டையே படிக்கவில்லை.

ஆளுக்குப் பிடித்த விஷயத்தை வைத்து நுழைவிடம் தேர்ந்தெடுத்தால் சித்தப்பாவுக்கு நடந்தது இவனுக்கு ஏன் நடக்கவில்லை என்று ஒரு வாரமாக யோசிக்கிறேன். சித்தப்பாவுக்கு அந்தச் சந்தை ஒருகாலத்தில் இருந்து இப்போது இல்லாமல் போன ஒன்று. இவனுக்குக் கிரிக்கெட் தினமும் சாயங்காலம் கிடைக்கிறது, அதற்காகப் புத்தகத்துக்குள் போக வேண்டிய அவசியமே இல்லை. அப்படியானால் அவனிடம் இல்லாத எதை வைத்து அழைப்பது? ஊரே மாறிக்கொண்டிருக்கும்போது தன்னுடன் படித்த பையன்களே வேறு ஆட்களாகத் தெரிய ஆரம்பிக்கிற அந்த இடங்களா? மூன்றாவது சீட்டில் அதை எழுதிப் பார்த்தேன். என்ன எழுதினாலும் கதையைச் சொன்ன மாதிரி ஆகிவிடுகிறது, காலண்டர் தாள் நான்கு வீண்.

அதனால் சீட்டை ஓரமாக வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆட்டம் முடித்து அவன் தண்ணீர் குடிக்க எங்கள் வீட்டுக்குத்தான் வருவான். உட்கார வைத்து, முதல் பக்கத்திலிருந்து நானே சத்தமாக வாசிக்கப் போகிறேன். சித்தப்பாவும் வருகிறேன் என்றிருக்கிறார், அவர் கையில் இப்போது சிங்காரத்தின் இன்னொரு நாவலான 'கடலுக்கு அப்பால்' இருக்கிறது, சீட்டெல்லாம் எனக்கு வேண்டாம்டா என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனார்.