யாரை விட்டுவிடுவது: முன்வரிசைகளுக்கு எதிரே ஆப்ஷன் ஆட்டம்

அமெரிக்கக் கால்பந்தில், பந்தை யார் சுமப்பது என்பதை எதிராளியின் அசைவைப் பார்த்து ஓட்டத்தின் நடுவே முடிவுசெய்யும் ஆப்ஷன் ஆட்டத்தைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்கின் கைகளையும் கால்களையும் பற்றியே பேசுகிறார்கள். பந்தைத் தனக்குப் பின்னால் நிற்கும் ஓட்ட வீரரான ஃபுல்பேக்கின் வயிற்றில் வைத்துக் கடைசிக் கணத்தில் உருவி எடுப்பதும், ஓடும்போதே பக்கவாட்டில் இன்னொருவருக்கு வீசுவதும் (பிட்ச்) கண்ணைக் கவரும் காட்சிகள் என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்த ஆட்டத்தை நெடுநாளாக விரும்பிப் பார்த்துவரும் எனக்கு, அதன் பாதி அறிவு பந்து ஸ்னாப் ஆவதற்கு, அதாவது ஆட்டம் தொடங்கப் பின்னால் கொடுக்கப்படுவதற்கு, முன்பே செலவாகிவிடுகிறது என்று தோன்றுகிறது. எதிரே நிற்கும் தற்காப்பு முன்வரிசையைப் பார்த்து, அதில் எவரை பிளாக் செய்யாமல் (உடலால் மறித்துத் தள்ளாமல்) விட்டுவிடலாம் என்று முடிவெடுக்கும் அந்தச் சில நொடிகளைப் பற்றியே இங்கே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. சாதாரண ஓட்ட ஆட்டத்தில் குவார்ட்டர்பேக் பந்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுகிறார். அவரையும் பந்தைச் சுமப்பவரையும் கழித்தால் பிளாக் செய்ய ஒன்பது பேர்தான் மிஞ்சுகிறார்கள். எதிரணியில் பதினொரு பேர் இருக்கிறார்கள். டிரிபிள் ஆப்ஷன் இந்தக் குறையைச் சரிசெய்கிறது. தற்காப்பு வீரர்களில் இருவரை யாரும் தொடாமல் விட்டுவிட்டு, அவர்கள் எடுக்கும் முடிவை வைத்தே அவர்களை ஆட்டத்திலிருந்து நீக்குகிறது. உள்ளே நிற்கும் முதலாமவர் டைவ் கீ. அவர் ஃபுல்பேக்கை நோக்கிப் பாய்ந்தால் குவார்ட்டர்பேக் பந்தை உருவிக்கொள்கிறார். பாயாவிட்டால் ஃபுல்பேக்கிடமே விட்டுவிடுகிறார். வெளியே நிற்கும் இரண்டாமவர் பிட்ச் கீ. அவர் குவார்ட்டர்பேக்கைத் தாக்க வந்தால் பந்து பின்னால் ஓடிவரும் ஸ்லாட்பேக்குக்கு (வரிசையின் ஓரத்துக்குச் சற்றுப் பின்னே நிற்கும் ஓட்ட வீரர்) போகிறது. அவர் ஸ்லாட்பேக்கோடு விலகிப்போனால் குவார்ட்டர்பேக் உள்பக்கமாகத் திரும்பித் தானே ஓடுகிறார். இப்போது ஒன்பது பேருக்கு ஒன்பது பேர்.

இந்த இருவர் யார் என்பதை ஆட்டப் புத்தகம் பெயர் சொல்லிக் குறிப்பிட முடியாது. எதிரணியின் முன்வரிசைதான் அதைத் தீர்மானிக்கிறது. அதனால் ஆப்ஷன் அணிகள் விதியாகக் கற்கின்றன. தாக்கும் அணியின் வரிசையில் நடுவே சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டுகள், அவர்களுக்கு வெளியே டேக்கிள்கள். இன்சைட் வீர் எனப்படும் அடிப்படை ஆட்டத்தில், ஓடும் பக்கத்து டேக்கிளுக்கு நேரேயோ அவருக்கு வெளியேயோ நிற்கும் முதல் தற்காப்பு லைன்மேன் எண் ஒன்று. அவருக்கு அடுத்து வெளியே நிற்பவர் எண் இரண்டு. அதற்கடுத்து ஓட்டத்தைத் தடுக்க இறங்கிவருபவர் எண் மூன்று. முதல் இருவரை விட்டுவிட்டு மூன்றாமவரை ஸ்லாட்பேக் பிளாக் செய்கிறார். தற்காப்பு லைன்மேன்கள் நிற்கும் இடத்தைக் குறிக்க எல்லோரும் பயன்படுத்தும் எண்முறையும் இங்கே கைகொடுக்கிறது. சென்டருக்கு நேரே நிற்பவர் 0 டெக்னிக், கார்டின் வெளித்தோளில் நிற்பவர் 3 டெக்னிக், டேக்கிளின் வெளித்தோளில் நிற்பவர் 5 டெக்னிக். பயிற்சியாளர் பம் பிலிப்ஸ் வகுத்ததாகச் சொல்லப்படும் இந்த எண்முறை இல்லாமல் ஆப்ஷனைப் பற்றி இரண்டு நிமிடம்கூடப் பேச முடியாது.

வீர் ஆட்டத்தை 1960களின் நடுப்பகுதியில் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளர் பில் யோமன் உருவாக்கியபோது, பயிற்சியாளர் பட் வில்கின்சனின் ஓக்லஹோமா அணியால் புகழ்பெற்ற ஐந்துக்கு இரண்டு முன்வரிசை கல்லூரி ஆட்டங்களில் பரவலாக இருந்தது. சென்டருக்கு நேரே ஒரு லைன்மேன் (நோஸ்), இரு டேக்கிள்களுக்கு வெளியே இருவர், ஓரங்களில் இன்னும் இருவர், பின்னால் இரண்டு லைன்பேக்கர்கள். இந்த வரிசைக்கு எதிரே எண்ணுவது எளிது. 5 டெக்னிக் ஒன்று. ஓரத்தில் நிற்பவர் இரண்டு. சென்டரும் கார்டும் நோஸைச் சேர்ந்து தள்ளுகிறார்கள். டேக்கிள் உள்பக்கமாக நழுவி நேராக லைன்பேக்கரிடம் போகிறார். 1968இல் டெக்சாஸ் அணியில் தலைமைப் பயிற்சியாளர் டேரல் ராயலின் கீழ் எமரி பெல்லார்ட், குவார்ட்டர்பேக்குக்குப் பின்னால் மூன்று ஓட்ட வீரர்கள் நிற்கும் விஷ்போன் அமைப்பைக் கொண்டுவந்தார். முதல் இரண்டு ஆட்டங்களில் ஒரு சமநிலையும் ஒரு தோல்வியும் வந்தன. அதன் பிறகு அந்த அணி தொடர்ந்து 30 ஆட்டங்களை வென்றது. 1971இல் ஓக்லஹோமா விஷ்போனை வைத்து ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 472.4 யார்டுகள் ஓடியது. வேகமான வீரர்கள் இருந்தார்கள் என்பது உண்மைதான். ஆயினும், எதிரணிகளின் முன்வரிசைகள் இந்தக் கணக்குக்கு இன்னும் விடை கண்டிருக்கவில்லை என்பதும் அதே அளவு உண்மை.

நான்கு லைன்மேன்கள் கொண்ட முன்வரிசை வந்தபோது சிக்கல் உள்பக்கத்துக்கு நகர்ந்தது. இதில் ஒரு பக்கத்தில் 3 டெக்னிக்கும் மறுபக்கத்தில் சென்டரின் தோளில் நிற்கும் 1 டெக்னிக்கும் இருப்பார்கள். 1 டெக்னிக் நிற்கும் பக்கத்தில் கார்டுக்கும் டேக்கிளுக்கும் நடுவே வெற்றிடம் இருப்பதால், அங்கே இன்சைட் வீர் தடையின்றி ஓடுகிறது. 3 டெக்னிக் நிற்கும் பக்கத்திலோ ஃபுல்பேக் போகும் பாதையிலேயே ஒரு பெரிய மனிதர் நிற்கிறார். பெரும்பாலும் எதிரணியின் மிகச் சிறந்த லைன்மேனும் அவர்தான்.

அவரை பிளாக் செய்ய முடியாவிட்டால் பிளாக் செய்யாமல் விட்டுவிடுவதே மிட்லைன் ஆப்ஷன். எனக்கு மிகவும் பிடித்த ஆட்டம் இது; பேசப்படுவதைவிடப் பல மடங்கு தகுதி அதற்கு உண்டு என்று நினைக்கிறேன். ஃபுல்பேக் பக்கவாட்டில் சாயாமல் சென்டரை நோக்கி நேராகப் பாய்கிறார். குவார்ட்டர்பேக் அவருக்கு வழிவிட்டுப் பின்வாங்கியபடி 3 டெக்னிக்கை மட்டும் பார்க்கிறார். கார்டு அந்த மனிதரைத் தொடாமல் உள்பக்கமாக லைன்பேக்கரிடம் போகிறார்; டேக்கிள் 5 டெக்னிக்கை வெளியே தள்ளுகிறார்; ஸ்லாட்பேக் முன்னோடியாக உள்ளே நுழைகிறார். 3 டெக்னிக் ஃபுல்பேக்கைப் பிடிக்கத் திரும்பினால், அவர் காலிசெய்த இடத்தின் வழியாகவே குவார்ட்டர்பேக் ஓடிவிடுகிறார். எதிரணியின் மிகச் சிறந்த வீரர் தன் வலிமையைக் காட்டும் வாய்ப்பே இல்லாமல் தவறான ஆளைப் பிடித்துக்கொண்டு கிடப்பதைப் பார்க்கும்போதுதான், ஆப்ஷன் ஏன் ஆள்பலம் குறைந்த அணிகளின் ஆயுதமாக விளங்குகிறது என்பது புரியும். நேவி, ஆர்மி, ஏர்ஃபோர்ஸ் ஆகிய ராணுவக் கல்லூரி அணிகள் இதை இத்தனை காலம் கைவிடாமல் வைத்திருந்ததற்குக் காரணம் அதுவே.

இன்று ஆப்ஷன் அணிகளுக்கு மிகுந்த தொல்லை தருவது மூன்று லைன்மேன்கள் கொண்ட வரிசையில், இரு ஓர லைன்மேன்களும் டேக்கிளின் உள்தோளில் நிற்கும் அமைப்பு. இதை ஃபோர்-ஐ என்கிறார்கள். வெளியே நிற்பதற்கும் உள்ளே நிற்பதற்கும் உள்ள வேறுபாடு ஒரு தோளின் அகலம்தான். ஆனால் வீர் ஆட்டம் முழுவதையும் அது குலைத்துவிடுகிறது. டேக்கிள் உள்பக்கமாக நழுவி லைன்பேக்கரிடம் போக வேண்டிய வழியில் ஃபோர்-ஐ நிற்கிறார். டேக்கிள் உள்ளே வர முயன்றால் அவரையும் அணைத்துக்கொண்டு அப்படியே ஃபுல்பேக்கின் மேல் சரிகிறார். டைவ் கீ மூடிவிட்டதைக் காணும் குவார்ட்டர்பேக் விதிப்படி பந்தை உருவுகிறார். அவர் வெளியே அடியெடுத்து வைக்கும்போது, யாராலும் தொடப்படாத உள் லைன்பேக்கர் அங்கே காத்திருக்கிறார். எதிராளியைப் படித்தது சரி, முடிவும் சரி, இருந்தும் ஆட்டம் இரண்டு யார்டு இழப்பில் முடிகிறது. டைவ் கீயும் லைன்பேக்கரும் தங்கள் பொறுப்புகளை மாற்றிக்கொள்ளும் இந்த ஏற்பாடு ஆப்ஷனுக்கு எதிராக எழுந்தவற்றில் மிகக் கூர்மையானது என்பது என் கருத்து.

இதற்கு ஒரே மாற்று என்று எதுவும் இல்லை. அடுத்தடுத்துக் கையாளும் பல மாற்றுகள் உண்டு. டேக்கிள் உள்ளே போவதை விட்டு ஃபோர்-ஐயின் வெளிப்பக்கமாகச் சுற்றி லைன்பேக்கரிடம் போகலாம். அப்படிப் போனால் வெளியே ஓடிவரும் லைன்பேக்கர் நேராக அவரிடமே வந்து சேர்கிறார். அது போதாதபோது ஸ்லாட்பேக், எண் மூன்றாக இறங்கிவரும் சேஃப்டியை (பின்களத் தற்காப்பாளர்) விட்டுவிட்டு லைன்பேக்கரை அடைக்கிறார். சேஃப்டியை ஓரத்து ரிசீவர் உள்பக்கமாக வந்து பிளாக் செய்கிறார். அப்போது ஓரத்துப் பின்களத் தற்காப்பாளரான கார்னர்பேக்கைத் தனியாகச் சமாளிக்க வேண்டிய பொறுப்பு பிட்ச் வாங்குபவருக்கு வந்துவிடுகிறது. மூன்றாவது வழி கார்டும் டேக்கிளும் சேர்ந்து ஃபோர்-ஐயை நசுக்குவது. அப்போது எண்ணிக்கை முழுவதும் ஒரு படி வெளியே நகர்ந்து, ஓர லைன்பேக்கரே டைவ் கீ ஆகிறார். அவுட்சைட் வீர் என்று பெயர். ஃபுல்பேக் டேக்கிளுக்கு வெளியே பாய வேண்டியிருப்பதால் இதற்கு வேகமான ஃபுல்பேக் தேவை. எல்லா அணிகளிடமும் அப்படி ஒருவர் இருப்பதில்லை. இவை அனைத்துக்கும் மேலாக, ஃபோர்-ஐ ஃபுல்பேக்கின் பாதைக்கு மிக அருகில் இருப்பதால் குவார்ட்டர்பேக்குக்கு முடிவெடுக்கக் கிடைக்கும் நேரமும் சுருங்கிவிடுகிறது. பயிற்சியில் பல நூறு முறை செய்து பார்த்த குவார்ட்டர்பேக்குக்குக்கூட அது கடினம்.

மூன்று லைன்மேன்களுக்கு நேர் பின்னே மூன்று லைன்பேக்கர்கள் நிற்கும் ஸ்டாக் முன்வரிசை வேறு விதத்தில் குழப்புகிறது. எண் ஒன்றின் முதுகுக்குப் பின்னால் இன்னொருவர் நிற்கும்போது, இருவரில் யார் உள்ளே வருவார், யார் வெளியே போவார் என்பது ஸ்னாப்புக்கு முன் தெரியாது. இங்கே பெயர் சொல்லி எண்ணுவதைவிட இருவரையும் ஒரே அலகாகக் கருதுவதே சிறந்தது. உள்ளே வருபவர் யாராக இருந்தாலும் அவர் டைவ் கீ; வெளியே போகும் மற்றவரை டேக்கிளோ ஸ்லாட்பேக்கோ எதிர்கொள்ள வேண்டும். குவார்ட்டர்பேக்கின் கண் ஓர் ஆளைப் பார்க்காமல் ஓர் இடத்தைப் பார்க்கப் பழக வேண்டும். ஸ்டாக்குக்கு எதிரே திணறும் அணிகளைக் கவனித்தால், பிழை பெரும்பாலும் ஓடுபவர்களிடம் இருப்பதில்லை. லைனில் நிற்கும் இருவர் ஒரே லைன்பேக்கரைத் தேடிப் போயிருப்பார்கள், இன்னொருவர் தொடப்படாமல் நின்றிருப்பார்.

சென்டரையும் இரு கார்டுகளையும் நேருக்கு நேர் மூடும் ‘பேர்’ (Bear) முன்வரிசையைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. நடுப்பகுதியை அடைக்க அத்தனை பேரைச் செலவிடும் அணிக்கு ஓரங்களில் ஆள் குறைகிறது. எதையும் படிக்காமல் பந்தை வேகமாக ஓரத்துக்கு வீசும் ராக்கெட் டாஸ் அங்கே போதுமானது.

குவார்ட்டர்பேக் சென்டரிலிருந்து சில அடி பின்னே நிற்கும் ஷாட்கன் அமைப்பில் ஆடும் ஸோன் ரீட், 1990களின் தொடக்கத்தில் கிளென்வில் ஸ்டேட் கல்லூரியில் பயிற்சியாளர் ரிச் ரோட்ரிகெஸிடம் உருப்பெற்றது. அதுவும் இதே கணக்கின் இன்னொரு வடிவம்தான். இதில் பிளாக் செய்யாமல் விடப்படுபவர் ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கத்தில் ஓரமாக நிற்பவர். 2013 ஜனவரியில் கிரீன் பே அணிக்கு எதிரான என்எஃப்எல் பிளேஆஃப் ஆட்டத்தில் சான்ஃபிரான்சிஸ்கோ அணியின் குவார்ட்டர்பேக் காலின் கேப்பர்நிக் 181 யார்டுகள் ஓடினார். மூன்று லைன்மேன்களையும் நான்கு லைன்பேக்கர்களையும் அடிப்படையாகக் கொண்ட அந்தத் தற்காப்பு அணியின் ஓர வீரர்கள் ரன்னிங்பேக்கை நோக்கி உள்ளே சரிந்தபோதெல்லாம் அவர் பந்தைத் தானே வைத்துக்கொண்டார். அவற்றில் ஒன்று 56 யார்டு டச்டவுனில் முடிந்தது.

2022இல் கல்லூரி ஆட்டங்களின் விதி மாறியது. இடுப்புக்குக் கீழே பிளாக் செய்வது, லைனின் நடுவே உள்ள டேக்கிள் பாக்ஸ் எனப்படும் பகுதிக்குள் மட்டும் என்று சுருக்கப்பட்டது. எடை குறைந்த ஸ்லாட்பேக் ஒருவர் வெளியே இறங்கிவரும் சேஃப்டியை இனி நேருக்கு நேர் நின்று தள்ள வேண்டும். எண் மூன்றைச் சமாளிப்பது கடினமாகிவிட்டதால் எண்ணிக்கை முழுவதும் தடுமாறியது. ஆர்மி அணி 2023இல் ஷாட்கன் அமைப்புக்கு நகர்ந்தது; அங்கே பந்து ஃபுல்பேக்கை அடையத் தாமதமாவதால் டைவ் கீக்குச் சிந்திக்க நேரம் கிடைத்தது என்றே நான் பார்க்கிறேன். அந்த ஆண்டு 6 வெற்றி, 6 தோல்வி. 2024இல் குவார்ட்டர்பேக் மீண்டும் சென்டரை ஒட்டி அவருக்குப் பின்னால் வந்து நின்றார். ஃபுல்பேக்கையும் குவார்ட்டர்பேக்கையும் உள்பக்கமாகவே அதிகம் ஓடவிட்டு, ஓரத்துப் பிட்சைத் தேவையானபோது மட்டும் பயன்படுத்தி, ஆர்மி 12 ஆட்டங்களை வென்று அமெரிக்கன் அத்லெடிக் கான்ஃபரன்ஸ் பட்டத்தைக் கைப்பற்றியது. அந்தப் பருவத்தில் அவர்கள் சந்தித்த இரண்டு தோல்விகளில் ஒன்று நேவியிடம், 31க்கு 13 என்ற கணக்கில். ஆப்ஷனை நன்கு அறிந்த ஓர் அணி முன்வரிசையை எப்படி நகர்த்துகிறது, ஓர லைன்மேன் எந்தத் தோளில் நிற்கிறார், உள் லைன்பேக்கர் எந்தக் கணத்தில் வெளியே புறப்படுகிறார் என்பதைப் படிக்க விரும்புபவர்கள் அந்த ஆட்டத்தைப் பந்தைப் பின்தொடராமல் ஒருமுறை பார்க்க வேண்டும்.