விட்டுவைக்காத விரிசல்

"ஒரே ஒரு விரிசலை மட்டும் மருந்து அடிக்காமல் விட்டுவைக்கலாம் சார்" என்றேன். "ஒழுகுற தொட்டியில ஒண்ணை ஒழுகவே விடணும்னு சொல்றீங்களா?" என்றார் தொட்டிக்காரர். அதற்கு மேல் நான் பேசவில்லை. பேசியிருக்கலாமோ என்று இன்னமும் தோன்றுகிறது.

மருந்து என்பது தூங்கிக் கிடக்கும் பாக்டீரியா வித்துகளும் அவற்றுக்குத் தீனியான கால்சியம் லாக்டேட் என்ற உப்பும்தான். கான்கிரீட் தொட்டியின் எல்லா விரிசல்களிலும் அதைத் தெளித்தோம். ஈரம் பட்டதும் வித்து விழித்து, தீனியைத் தின்று, சுண்ணாம்பை உண்டாக்கும் என்பது கணக்கு. சில வாரங்களில் விரிசல்களில் வெள்ளை கட்டியது. நகத்தால் சுரண்டினாலும் லேசில் பெயரவில்லை. ஒழுகலும் நின்றுவிட்டது.

என் தலைவலி அந்த வெள்ளைதான். அது பாக்டீரியா இல்லாமலும் வரும். கான்கிரீட் ஈரமாகவே கிடந்தால், தண்ணீர் சேராமல் உள்ளே மிச்சமிருந்த சிமெண்ட் தானே இறுகும். கரைந்து வரும் கால்சியம் ஹைட்ராக்சைடும் கரியமில வாயுவோடு சேர்ந்து அதே சுண்ணாம்புப் படிவாகிவிடும். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஹெங்க் யோங்கர்ஸ் குழுவினர் செய்து 2011-இல் வெளிவந்த சோதனையில், 100 நாள் தண்ணீரில் கிடந்த மாதிரிகளில் பாக்டீரியா உள்ளவை 0.46 மி.மீ. அகல விரிசல் வரை மூடின. பாக்டீரியா இல்லாதவையும் சும்மா இருக்கவில்லை, 0.18 வரை மூடிக்கொண்டன. எங்கள் விரிசல்களோ பெரும்பாலும் 0.2-ஐத் தாண்டாதவை. படிவில் ஒரு சொட்டு அமிலம் விட்டேன், நுரைத்தது. நுரைக்கத்தானே செய்யும்! யார் போட்ட சுண்ணாம்பு என்று அமிலமா சொல்லும்?

அறிக்கையில் கசிவு நின்றதை எழுதினேன், காரணத்தை எழுதவில்லை. தொட்டிக்காரர் படித்துவிட்டு, "எது அடைச்சா என்ன சார், அடைஞ்சுதா இல்லையா?" என்றார். நியாயம்தான். அவர் காசு கொடுத்தது தண்ணீரை நிறுத்த, என் சந்தேகத்தைத் தீர்க்க அல்ல. ஆனால் அதே மூச்சில், "இனி சுவர் பலம்தானே?" என்றும் கேட்டார். படிவு தண்ணீரைத் தடுக்கும், சுவருக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிப்பதைத் தள்ளிப்போடும். பிளந்த சுவருக்குப் பழைய பலத்தைத் தரும் என்று நம்ப முடியாது. சொன்னேன். காதில் வாங்கினாரா தெரியவில்லை.

ஒன்றை விட்டுவைத்திருந்தால் தெரிந்திருக்கும் என்று சொல்லிக்கொள்வேன். அப்புறம், ஒரே ஒரு விரிசலை வைத்து என்ன தெரியும், அதன் அகலம் வேறு, ஈரம் வேறு என்றும் தோன்றும்.

இப்போது இன்னொரு தொட்டிக்கும் அதே மருந்தைக் கேட்கிறார். இதில் விரிசல்கள் 0.4 மி.மீ. இருக்கும். மூடினால் பாக்டீரியாவின் பெயரைத் தயங்காமல் எழுதலாம். மூடாவிட்டால், பழைய தொட்டியைப் பற்றியும் பேச வேண்டிவரும். விலையை அனுப்பிவிட்டேன்.