பால்குடம் எப்போது எடுக்கலாம்?

கீமோ முடிந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி இதுதான். எனக்குப் பெருங்குடலில் புற்றுநோய் என்று தெரிந்த அன்றே முருகனுக்கு நேர்ந்துகொண்டுவிட்டார். பூரண குணமானதும் இங்கே சிங்கப்பூரில் தைப்பூசத்துக்குப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை நான் பால்குடம் எடுக்கவேண்டும். நேர்ந்தது அவர், நடக்கவேண்டியது நான், அது இருக்கட்டும். ஆனால் இன்றோடு நோய் போய்விட்டது என்று எந்த டாக்டரும் நாள் குறித்துத் தருவதில்லையே.

என் டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை, சிஇஏ (புற்றுநோயின் தடயம் பார்க்கும் ரத்தப் பரிசோதனை) நார்மல், மூன்று மாதம் கழித்து வாருங்கள். "ஏன்டா, இருக்கா இல்லையான்னு சொல்லத் தெரியாதா அவருக்கு?" என்று அம்மாவுக்குக் கோபம். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. அப்புறம் விசாரித்ததில் புரிந்தது, அவர் மழுப்பவில்லை. சிடி ஸ்கேனில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ஒரு கட்டி வளர்வதற்குள் அதில் கோடிக்கணக்கான செல்கள் சேர்ந்திருக்கும். அதைவிடச் சின்னதாக எங்காவது ஒளிந்திருந்தால் அந்த ஸ்கேனால் பிடிக்கமுடியாது. சிஇஏ ரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பவும் முடியாது, சிகரெட் பிடிப்பவர்களுக்கு நோய் இல்லாமலே அது கொஞ்சம் ஏறி நிற்கும், சிலருக்கு நோய் இருந்தும் ஏறாது. அதனால்தான் 'இப்போதைக்குத் தெரியவில்லை' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

டெக்கா சந்தைப் பக்கம் தெரிந்தவர்களைப் பார்த்தால் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "தம்பி, அஞ்சு வருஷம் தாண்டிட்டா தப்பிச்சாச்சு." இதில் பாதி உண்மை. பெருங்குடல் புற்றுநோய் திரும்பி வந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் வந்துவிடும், ஐந்துக்குப் பிறகு வருவது குறைவு. ஆகவே முதலில் அடிக்கடி ரத்தப் பரிசோதனை, அவ்வப்போது ஸ்கேன், ஆபரேஷன் ஆகி ஓராண்டில் கொலோனோஸ்கோப்பி (கேமரா பொருத்திய குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது), அதன்பிறகு இடைவெளியை நீட்டிக்கொண்டே போவார்கள். ஆனால் எல்லாப் புற்றுநோய்க்கும் இதே கணக்கு இல்லை. ஹார்மோன் சார்ந்த மார்பகப் புற்றுநோய் பத்து, பதினைந்து ஆண்டு கழித்தும் தலைகாட்டலாம். அதற்காகத்தான் அந்தப் பெண்களுக்கு 5 முதல் 10 ஆண்டு வரை ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை தருகிறார்கள்.

இன்னொரு குழப்பம், அந்த ஐந்தை எங்கிருந்து எண்ணுவது? புள்ளிவிவரத்தில் வரும் '5 ஆண்டு உயிர்வாழ்வு' நோய் கண்டுபிடித்த நாளிலிருந்து எண்ணுவது, அதில் நோயோடு வாழ்பவர்களும் சேர்த்தி. அதைக் குணமானவர் கணக்கு என்று எடுத்துக்கொண்டு வீணாகத் தெம்படைகிறவர்களும் உண்டு, வீணாக இடிந்துபோகிறவர்களும் உண்டு. நான் கட்டியை வெட்டி எடுத்த நாளிலிருந்து எண்ணுகிறேன். டாக்டர் மறுக்கவில்லை.

கீமோவில் ஆக்ஸாலிப்ளாட்டின் என்ற மருந்தை ஏற்றிய நாட்களில் ஃபிரிட்ஜில் பால் பாக்கெட்டைத் தொட்டாலே விரலில் ஊசி குத்தும். காப்பிக்கடையில் கூட வந்தவர்கள் தே பெங் (ஐஸ் போட்ட டீ) குடிக்க, நான் இந்த வெயிலில் சுடுதண்ணீர் வாங்கி ஆற்றிக் குடிப்பேன். அது போய்விட்டது, பாதத்தில் மரத்துப்போனது மட்டும் போகவில்லை. வெறுங்காலில் நடந்தால் கல் குத்தினாலும் தார் சுட்டாலும் உடனே உறைக்காது. அதனால் அம்மாவிடம் இரண்டு விஷயம் சொன்னேன். பூரண குணம் என்று யாரும் எழுதித் தரப்போவதில்லை, முருகனிடம் கணக்கை நீங்களே பேசிக்கொள்ளுங்கள். இரண்டாவது, டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் வெறுங்காலில் நடப்பேன். கொஞ்சம் முறைத்துவிட்டு, சரி, அடுத்த தைப்பூசத்துக்கே எடுத்துவிடு என்றார். அப்படியென்றால் அவர் கணக்கில் நான் குணமாகிவிட்டேன்.

இப்போதைய என் கவலை தம்பி. அண்ணனுக்கு 60 வயதுக்குள் இந்த நோய் வந்திருப்பதால் அவன் 40 வயதிலேயே கொலோனோஸ்கோப்பி செய்திருக்கவேண்டும். மற்றவர்களைப்போல 50 வயது வரை காத்திருந்து வீட்டிலேயே மல மாதிரி எடுத்து அனுப்புவது அவனுக்குப் போதாது. கேட்டால் குடலைச் சுத்தப்படுத்தக் குடிக்கும் மருந்து குமட்டும் என்கிறான். குமட்டத்தான் செய்யும். அப்பாயின்ட்மென்ட்டை நானே வாங்கிவிட்டேன், அவனுக்கு இன்னும் சொல்லவில்லை.