அம்மாவின் வலது இமை

அம்மாவுக்குக் கற்றரக்ட் (கண்புரை) ஒப்பரேஷன் முடிஞ்சு ஏழு கிழமை. பார்வை நல்ல தெளிவு, வெள்ளவத்தையில 100 பஸ் வரேக்க தூரத்திலேயே போர்டை வாசிக்கிறா. ஆனா வலது இமை பாதிக் கண்ணை மூடிக்கொண்டு நிக்குது. பேப்பர் வாசிக்கேக்க விரலால இமையைத் தூக்கிப் பிடிக்கிறா. பார்க்கத் தாங்கேலாமல் இருக்கு.

ஒப்பரேஷன் நேரம் கண்ணைத் திறந்து வைக்கிற கவ்வி, மரக்க வைக்கிற ஊசி, வீக்கம் எல்லாம் இமையைத் தூக்கிற தசைநாரைத் தளர்த்துமாம். கனபேருக்குச் சில மாதத்தில தானா உயரும். இல்லாட்டி இமைக்கு ஒரு சத்திரசிகிச்சை. இதை முதலே சொல்லியிருக்கலாம்!

இமை திடீரெண்டு விழுந்து, இரட்டையாத் தெரிஞ்சாலோ கடும் தலையிடி வந்தாலோ காத்திருக்காதேங்கோ, உடனே ஆஸ்பத்திரி.

நேற்றுப் பொட்டு வைக்கேக்க அம்மா கேட்டா, "கொஞ்சம் எழும்பியிருக்கோ பிள்ளை?"

ஒரு நூலளவு எழும்பித்தான் இருக்கு.