பெர்லின் கீட்டாவில் பிள்ளைகளைச் சேர்த்த அனுபவம்

மனைவிக்கு பெர்லினில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இரண்டு வருட வேலை கிடைத்ததும் குடும்பத்தோடு கிளம்பினோம். மகளுக்கு அப்போது நான்கு வயது, சின்னவனுக்கு இரண்டு நிறைந்த சமயம். நான் கதைகளும் கட்டுரைகளும் எழுதுகிறவன். "உனக்கென்னடா, எங்க உக்காந்தாலும் எழுதலாம்" என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் சொல்லி அனுப்பினார்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் உட்கார இடம் எப்படியும் கிடைத்துவிடும், நேரம்தான் கிடைக்காது. திருநெல்வேலியில் அந்த நேரத்தை எனக்குக் கொடுத்தது என் அம்மா. பெர்லினில் அது கீட்டாவிலிருந்துதான் வரவேண்டியிருந்தது.

கீட்டா என்பது கைக்குழந்தைப் பருவம் தாண்டியதிலிருந்து பள்ளிக்கூடம் சேரும்வரை பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடம். நம் ஊர் எல்கேஜி போல எழுத்தும் எண்ணும் எழுதவைப்பதில்லை. விளையாட்டு, பாட்டு, தோட்டம், சாப்பாடு, மதியத் தூக்கம், அவ்வளவுதான். ஜெர்மனியில் 2013 ஆகஸ்ட் முதல் ஒரு வயது நிறைந்த குழந்தைக்குப் பராமரிப்பு இடம் சட்டப்படியான உரிமை. பெர்லினில் 2018 ஆகஸ்டிலிருந்து எந்த வயதுக் குழந்தைக்கும் கட்டணம் கிடையாது, மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் மாதம் ஒரு சிறு தொகை. சில வருடங்களுக்கு மட்டும் வந்து தங்குகிறவர்களின் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். வாடகையிலேயே பாதிச் சம்பளம் போகிற ஒரு குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் அதற்கு முன்னால் காகித வேலை இருக்கிறது. ஒன்று முடிந்தால்தான் அடுத்தது நகரும். முதலில் முகவரிப் பதிவு. வீட்டுக்குள் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டும் என்பது சட்டம். அதற்கு வீட்டுக்காரர் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். எங்களுக்கு முதலில் அமைந்த வீட்டுக்காரர் சாவியைத் தந்தார், கையெழுத்தைத் தரமாட்டேன் என்றார். சாமான் செட்டோடு கிடைக்கும் தற்காலிக வீடுகளில் இது அடிக்கடி நடக்கிறதாம். அந்தத் தாள் இல்லாமல் பதிவு இல்லை, பதிவு இல்லாமல் கீட்டா இல்லை. வேறு வீடு தேடி மாறினோம். குழந்தைகளோடு வருகிறவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இந்த ஒரு கேள்வியைக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். பதிவு அலுவலகத்தில் நேரம் கிடைப்பதும் சுலபமில்லை. யாராவது ரத்து செய்யும் நேரங்கள் காலையில் இணையத்தில் எட்டிப் பார்க்கும். மனைவி வேலைக்குக் கிளம்பும் முன் தினமும் பார்த்துப் பார்த்துத்தான் பிடித்தாள்.

அப்புறம் கீட்டா குட்ஷைன் என்கிற ஒப்புதல் சீட்டு. இதை நம் பகுதியின் இளையோர் நல அலுவலகத்தில் கேட்க வேண்டும். நாங்கள் இருந்தது நொய்கோல்ன் பகுதி. சேர்க்க விரும்பும் தேதிக்கு ஒன்பது மாதம் முன்பிலிருந்து இரண்டு மாதம் முன்புவரை விண்ணப்பிக்கலாம். வேலை ஒப்பந்தம், விசா, முகவரிச் சான்று எல்லாவற்றின் நகலையும் சேர்த்து அனுப்பினோம். சீட்டு தபாலில் வந்தது. நாளுக்கு எத்தனை மணி நேரப் பராமரிப்பு என்பது அதில் இருக்கும். எங்களுக்கு ஏழு மணி நேரம் வரைக்குமான பகுதி நேரம். ஆனால் இடத்தைத் தேடுவது நம் பொறுப்பு.

ஆகஸ்டில் பெரிய பிள்ளைகள் பள்ளிக்குப் போகும்போதுதான் கீட்டாக்களில் இடம் காலியாகிறது. நாங்கள் தேடியது இலையுதிர் காலத்தில். மின்னஞ்சல்கள் அனுப்பினோம், பாதிக்குப் பதிலே இல்லை. அதனால் சின்னவனைத் தள்ளுவண்டியில் வைத்து, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, தெருத் தெருவாக நேரில் போய்க் கேட்டேன். ஒரு பக்கக் கடிதம் ஜெர்மனில் எழுதி வைத்திருந்தேன். பிள்ளைகளின் வயது, எந்த மாதத்திலிருந்து, எத்தனை மணி நேரம், எத்தனை வருடம் இருப்போம், வீட்டில் பேசுவது தமிழ், சீட்டு கையில் தயார். நேரில் போனதுதான் பலன் தந்தது. ஒரு கீட்டாவில் ஒரு குடும்பம் வேறு ஊருக்கு மாறுவதாக இருந்தது. அங்கே இருந்த நிர்வாகி கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, பிள்ளைகளைத் தோட்டத்தில் விளையாட விட்டார். அடுத்த வாரம் தொலைபேசி வந்தது. இருவருக்கும் ஒரே இடத்தில் கிடைத்தது பெரிய விஷயம். வெவ்வேறு கீட்டா என்றால் காலைப் பொழுது முழுக்க பஸ்ஸிலேயே போயிருக்கும்.

ஒப்பந்தத்துக்கு முன் தட்டம்மைத் தடுப்பூசிச் சான்று கேட்டார்கள். 2020 மார்ச் முதல் அது கட்டாயம். ஒரு வயதுக்கு மேல் ஒரு ஊசியும், இரண்டு வயதுக்கு மேல் இரண்டு ஊசியும் போட்டிருக்க வேண்டும். நம் ஊர் அட்டையில் தட்டம்மை, ரூபெல்லா ஊசிக்கு 'எம்.ஆர்.' என்று இருப்பது அங்கே யாருக்கும் உடனே விளங்கவில்லை. குழந்தை மருத்துவர்தான் அதைப் பார்த்து, தேதிகளை இந்த ஊர் மஞ்சள் கையேட்டில் எழுதிக் கொடுத்தார். தேதியும் முத்திரையும் தெளிவாகத் தெரியும் அட்டையைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு விமானம் ஏறுங்கள்.

இதெல்லாம் வெளிவேலை. உண்மையான வேலை அதன் பிறகுதான் தொடங்கியது. பிள்ளையைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவது என்பது அங்கே கிடையாது. 1980களில் பெர்லினில் உருவான ஒரு பழக்கப்படுத்தும் முறை இருக்கிறது, இன்று ஜெர்மனி முழுக்கப் பல கீட்டாக்கள் அதைத்தான் பின்பற்றுகின்றன. முதல் மூன்று நாள் அப்பாவோ அம்மாவோ குழந்தையோடு ஒரு மணி நேரம் போல உள்ளே இருக்க வேண்டும். ஒரு மூலையில் உட்கார வேண்டும். "போ, போய் விளையாடு" என்று தள்ளவும் கூடாது, வந்து மடியில் ஏறினால் தடுக்கவும் கூடாது. குழந்தைக்கென்று ஒரு ஆசிரியை, அவர் மெல்ல மெல்லப் பக்கத்தில் வருவார். நான்காம் நாள்தான் முதல் பிரிவு. அது திங்கட்கிழமையாக அமைந்தால் மறுநாளுக்குத் தள்ளிவிடுவார்கள், இரண்டு நாள் வீட்டில் இருந்துவிட்டு வரும் குழந்தை பழையபடி ஒட்டிக்கொள்ளும் என்பதால். போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, அதே கட்டடத்தில் காத்திருக்க வேண்டும். அதிகம் போனால் அரை மணி நேரம். அழுதால் ஆசிரியையின் கையில் சமாதானம் ஆகிறானா என்பதுதான் கணக்கு. சமாதானம் ஆகிவிட்டால் நேரத்தைக் கூட்டுவார்கள், ஆகாவிட்டால் இன்னும் சில நாள் பிரிவே இல்லை.

அவர்கள் கண்டிப்பாக இருந்தது ஒரு விஷயத்தில்தான்: சொல்லாமல் போகக் கூடாது. நம் வீடுகளில் "அங்க பாரு காக்கா" என்று வேடிக்கை காட்டிவிட்டுப் பின்கட்டு வழியாக நழுவிவிடுவோம், பிள்ளை அழாமல் இருக்கும் என்று. அப்படி நழுவினால் அடுத்த நாள் முழுக்க குழந்தை நம் சட்டையை விடாது, எப்போது காணாமல் போவார்களோ என்று பார்த்துக்கொண்டே இருக்கும் என்றார் ஆசிரியை. அழுதாலும் பரவாயில்லை, கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள், சாப்பாட்டுக்குப் பிறகு வருவேன் என்றால் சாப்பாட்டுக்குப் பிறகு வந்துவிடுங்கள். இதை நான் முழு மனதோடு ஏற்றுக்கொண்டேன். எழுதுகிறவனாக இருந்தும், ஒரு சொல்லைக் காப்பாற்றுவதன் எடை எனக்கு அந்த வாசலில்தான் இவ்வளவு நேரடியாகத் தெரிந்தது.

மகளோடு மனைவி விடுப்பு எடுத்துப் போனாள், சின்னவனோடு நான். சின்னவன் அழுதான், நன்றாகவே அழுதான். வீட்டு வாசனை உள்ள ஒரு பொருளைக் கொடுத்தனுப்பச் சொன்னார்கள். அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையில் கிழித்த ஒரு துண்டைக் கொடுத்தோம். அதைக் கன்னத்தில் வைத்தபடி ஆசிரியையின் மடியில் உட்கார்ந்த அன்று நேரத்தைக் கூட்டினார்கள். இரண்டு வாரங்களுக்கு மேல் பிடித்தது. அந்த நாட்களில் நடைக்கூடத்து நாற்காலியில் நோட்டைத் திறந்து வைத்திருந்தாலும் காது கதவின் மேலேயே இருக்கும். எழுத்து வேலை இருப்பவர்கள் அந்த மாதத்துக்கு எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மகளின் கதை வேறு. அவள் அழவே இல்லை, பேசவும் இல்லை. வீட்டில் ஓயாமல் கதை சொல்லும் பிள்ளை அங்கே வாரக்கணக்கில் வாயைத் திறக்கவில்லை. எங்களுக்கு நெஞ்சு பதைத்தது. வீட்டில் ஜெர்மன் பேசிப் பழக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம், உங்களுக்கு எது நன்றாக வருமோ அதிலேயே பேசுங்கள், அவள் இப்போது கேட்டுச் சேர்த்துக்கொண்டிருக்கிறாள் என்றார் ஆசிரியை. எங்கள் பகுதியிலேயே ஈழத்தமிழர்கள் கட்டிய மயூரபதி முருகன் கோயில் இருக்கிறது. அங்கே பார்த்த ஒரு அம்மாவும் அதையேதான் சொன்னார்: "தம்பி, வீட்டில தமிழிலயே கதையுங்கோ. டொச் தன்பாட்டுக்கு வரும். என்ர பிள்ளையளுக்கும் அப்பிடித்தான்." டொச் என்றால் ஜெர்மன். ஊஞ்சலில்தான் வந்தது முதல் சொல். இன்னொரு தடவை தள்ளு என்பதற்கு "நோக்மால்!" அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை.

ரப்பர் பூட்ஸ், சேற்றுக்கால்சட்டை, உள்ளே போட்டுக்கொள்ளும் செருப்பு, மாற்றுத்துணி எல்லாவற்றிலும் பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும். மழையோ குளிரோ, வெளியே விடுவார்கள். வீடியோவில் பார்த்த ஆச்சிக்குப் பொறுக்கவில்லை. "ஏல, பிள்ளையள மழைல விடுதாவளா, சளி பிடிக்காதா?" என்றாள். சளி பிடித்தது, முதல் குளிர்காலம் முழுக்க மாற்றி மாற்றி. காய்ச்சல் என்றால் உடனே வந்து கூட்டிப்போகச் சொல்வார்கள். பொதுக் காப்பீட்டில் இருக்கும் பெற்றோருக்கு 2024 முதல் குழந்தை ஒன்றுக்கு ஆளுக்கு 15 நாள் ஊதிய ஈட்டோடு விடுப்பு உண்டு. மனைவி அதை எடுத்தாள், மிச்ச நாட்கள் என் பங்கு.

வசந்தம் வந்தபோது காலை ஒன்பதிலிருந்து மூன்று மணிவரை நேரம் எனக்கென்று ஆனது. ஹாலேஷஸ் டோர் பக்கத்தில் இருக்கும் அமெரிக்கா நினைவு நூலகத்தில் உட்கார்ந்து எழுதினேன். மூன்று மணிக்கு வாசலில் நின்றால் சின்னவன் என்னைப் பார்த்துவிட்டு, முடிக்காத மணல்வீட்டை முடிக்கத் திரும்பி ஓடுவான். அந்த ஓட்டத்தைப் பார்த்த பிறகுதான் நூலகத்தில் காதைக் கழற்றி வைத்துவிட்டு எழுத முடிந்தது.

இப்போது ஊர் திரும்பும் மாதம் முடிவாகிவிட்டது. கீட்டாவுக்கு எழுத்தில் சொல்லிவிட்டோம். பிள்ளைகளுக்கு எப்போது சொல்வது என்று ஆசிரியையைக் கேட்டோம். இப்போதே தொடங்குங்கள், விடைபெறுவதற்கும் நாட்கள் வேண்டும் என்றார். தினமும் ஒரு நண்பரோடு படம் எடுத்து மகள் ஒரு ஆல்பத்தில் ஒட்டுகிறாள். திருநெல்வேலியில் சேர்க்கப்போகும் பள்ளிக்கு நான் கடிதம் எழுதியிருக்கிறேன், முதல் வாரம் வகுப்பில் ஒரு மூலையில் உட்கார அனுமதி கேட்டு. வகுப்புக்குள் முடியாது, வராந்தாவில் நாற்காலி போட்டுத் தருகிறோம் என்று பதில் வந்திருக்கிறது. சரி என்று எழுதிவிட்டேன்.