ஒரே பந்தில் இரண்டு தீர்ப்பு: சாப்ட்பாலில் இரு நடுவர் வேலை

பாளையங்கோட்டைப் பக்கத்துப் பள்ளி, கல்லூரி மைதானங்களில் பேஸ்பால் போன்ற ஆட்டமான சாப்ட்பாலுக்குப் பெரும்பாலும் இரண்டே நடுவர்கள்தான். ஒருவர் பிளேட்டில், அதாவது அடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால். இன்னொருவர் ஓடுபவர்கள் தொட வேண்டிய பேஸ்களின் பக்கம். ஹோம் பிளேட்டும் மூன்று பேஸ்களும் சேர்ந்து ஒரு சதுரம், பேஸுக்குப் பேஸ் 60 அடி. அடித்தவர் மூன்று நொடி வாக்கில் முதல் பேஸை எட்டிவிடுவார். பந்து அடிபட்ட பிறகு யோசிக்க நேரம் கிடையாது. அதனால் யாருக்கு எந்த இடம் என்பதை ஆட்டத்துக்கு முன்பே மைதானத்தில் நடந்து பார்த்துப் பேசி வைத்துக்கொள்கிறோம்.

முதல் பேஸில் ரன்னர் (ஏற்கெனவே பேஸை எட்டி நிற்பவர்) இருக்க, பந்து வலது அவுட்ஃபீல்டுக்கு, அதாவது பேஸ்களுக்கு அப்பாலுள்ள பகுதிக்குப் போகிறது என்று வையுங்கள். பேஸ் நடுவர் சதுரத்துக்குள் வந்து, அடித்தவர் முதல் பேஸை மிதித்தாரா என்று பார்க்கிறார். முதல், இரண்டாம் பேஸ்கள் அவருடையவை. பிளேட் நடுவர் மூன்றாம் பேஸ் கோட்டுக்கு வெளியே பாதி தூரம் ஏறி நிற்பார். எறி மூன்றாவதுக்கு வந்தால் மட்டும் உள்ளே நுழைந்து, “மூணு எனக்கு, சார்!” என்று குரல் கொடுப்பார். வராவிட்டால் வெளிப்பக்கமாகவே பிளேட்டுக்குத் திரும்புவார். இந்தக் குரல் இல்லையென்றால் இருவரும் ஒரே பேஸைப் பார்த்து நிற்பார்கள், மற்ற பேஸ் அநாதையாகிவிடும். ஒருவர் அவுட், ஒருவர் சேஃப் என்று கை காட்டும் கூத்தும் இப்படித்தான் வருகிறது.

ஃபோர்ஸ் அவுட்டுக்கு (ரன்னர் கட்டாயம் ஓட வேண்டிய பேஸை ஃபீல்டர் பந்தோடு முந்தித் தொடுவது) எறி வரும் கோட்டுக்குச் செங்குத்தாக 15 முதல் 18 அடி தள்ளி நிற்கலாம். டேக் (பந்துள்ள கையுறையால் ரன்னரைத் தொடுவது) என்றால் 10, 12 அடிக்கு நெருங்க வேண்டும். தூரத்தைவிடக் கோணம் முக்கியம். ரன்னரின் முதுகுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் அஞ்சடியில் நின்றாலும் கையுறை தெரியாது. நம் செம்மண் தரையில் சறுக்கினால் புழுதி எழும்பி எல்லாவற்றையும் மூடிவிடும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழி வரும் மேல்காற்று அதைக் கிழக்கே தள்ளும். கோணம் இடம் கொடுத்தால் மேற்குப் பக்கம் நிற்பது நல்லது. கையுறைக்குள் பந்து இருப்பதைக் கண்ணால் பார்க்காமல் கையை உயர்த்தவே கூடாது.

எங்கள் அனுபவத்தில் அதிகம் சிக்கலாவது இது: இரண்டு அவுட் (மூன்றாவதோடு அந்த அணியின் முறை முடியும்), இரண்டாம் பேஸில் ரன்னர். பேட்டர் அடிக்கிறார், ரன்னர் ஹோமுக்கு ஓடுகிறார், பேட்டர் இரண்டாம் பேஸுக்கு முயன்று டேக்கில் அவுட்டாகிறார். டேக்குக்கு முன் ஹோம் பிளேட்டை மிதித்திருந்தால் ரன் உண்டு, பின் என்றால் இல்லை. இதைச் சொல்ல வேண்டியவர் பிளேட் நடுவர். அவர் பிளேட்டுக்குப் பின்னால் சில அடி விலகி, பிளேட்டும் இரண்டாம் பேஸும் ஒரே பார்வைக் கோட்டில் விழும்படி நிற்க வேண்டும். மூன்றாம் பேஸில் டேக் நடக்கும் என்று தெரிந்தால், மூன்றாம் பேஸ் கோட்டைப் பிளேட்டுக்கு அப்பால் நீட்டிய இடம், அதாவது முதல் பேஸ் பக்கம். சத்தத்தை நம்ப வேண்டாம், காற்றில் சக நடுவரின் “அவுட்” தாமதமாகவே காதில் விழும். முடிவை ஸ்கோரருக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்லிவிட வேண்டும். மூன்றாவது அவுட் ஃபோர்ஸ் என்றாலோ, பேட்டர் முதல் பேஸை எட்டும் முன் அவுட்டானாலோ, யார் முந்தினாலும் ரன் கிடையாது. இப்படி ஒரு நிலை வரப்போகிறது என்றால், பந்து வீசும் முன் இரண்டு விரலால் மணிக்கட்டைத் தட்டிக்கொள்வது எங்கள் வழக்கம்.

உயரப் பந்தில் பிடிப்பு ஒருபக்கம், ரன்னர் அவசரப்பட்டுப் பேஸை விட்டுக் கிளம்பினாரா என்பது மறுபக்கம், இரண்டையும் பார்க்க வேண்டும். மூன்றாம் பேஸ் ரன்னர் பிளேட் நடுவருக்கு, முதல் பேஸ் ரன்னர் பேஸ் நடுவருக்கு. ஃபீல்டர் பந்தைத் தொட்ட கணமே ரன்னர் கிளம்பலாம், அவர் தட்டித் தடுமாறிப் பிடித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இதை அறியாமல் பயிற்சியாளர்கள் வாதாடுவதுண்டு.

ரன்னர் இரு பேஸுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் பாதிப் பாதி பிரித்துக்கொள்ளலாம். யார் பாதியில் டேக் விழுகிறதோ அவரே தீர்ப்பு சொல்வார். மற்றவர் வாய் திறக்காமல், பந்து கையில் இல்லாத ஃபீல்டர் வழியை மறிக்கிறாரா என்பதையும், மீதி ரன்னர்களையும் பார்த்துக்கொண்டிருப்பார்.