சொந்த வீடு கட்டுபவருக்குத் திரும்பி வரும் வரி

இங்கிலாந்தில் தாம் குடியிருப்பதற்கென்று ஒரு புதிய வீட்டைச் சொந்தமாகக் கட்டுபவர், கட்டடப் பொருட்களை வாங்கும்போது செலுத்திய பெறுமதி சேர் வரியை, வேலை முடிந்த பின் அரசிடமிருந்து திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். அந்நாட்டின் 1994 ஆம் ஆண்டுப் பெறுமதி சேர் வரிச் சட்டத்தின் 35 ஆம் பிரிவு இதற்கு வழி செய்திருக்கிறது. அங்கு வரி வீதம் 20 சதவீதம் என்பதால், வரியோடு சேர்த்து 60,000 பவுணுக்குப் பொருள் வாங்கியவருக்குச் சரியாக 10,000 பவுண் திரும்பி வரும். அங்கே வீடு கட்டிய எங்கள் உறவினர்கள் சிலருக்கு இப்படியொரு ஏற்பாடு இருப்பதே கூரை ஏறிய பிறகுதான் தெரியவந்தது.

திருகோணமலையில் இருக்கும் நான் இதைப் படித்து அறிய நேர்ந்ததற்குக் காரணம் என் தங்கை. அவளும் மாப்பிள்ளையும் அங்கே ஒரு பழைய வீட்டை வாங்கி, அதை அடியோடு இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினார்கள். கணக்கு எழுதுவதிலேயே என் உத்தியோக காலம் கழிந்தது என்பதால், பற்றுச்சீட்டுகளைப் பார்த்து ஒழுங்குபடுத்தும் பொறுப்பை அவள் என்னிடம் ஒப்படைத்தாள். அவை ஒவ்வொன்றும் படமாக என் கைத்தொலைபேசிக்கு வந்து சேரும். நான் உப்புவெளியில் இருந்தபடியே அவற்றைப் பிரித்து எழுதுவேன். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டின் பின்பக்கத்திலும் இரண்டு அறைகள் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்ததால், இரண்டு நாட்டுப் பற்றுச்சீட்டுகளும் என் மேசையில் ஒன்றாகவே கிடந்தன. அதனால்தான் இதைப் பற்றி எழுத வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வலுத்தது.

முதலில் இந்தச் சட்டத்தின் நியாயத்தைச் சொல்ல வேண்டும். வீடுகளைக் கட்டி விற்கும் ஒரு நிறுவனத்திடம் புதிய வீடொன்றை வாங்கினால், பிரித்தானியாவில் அந்த விற்பனைக்குப் பூச்சிய வீத வரியே விதிக்கப்படுகிறது. அதாவது வாங்குபவர் வரி எதுவும் செலுத்துவதில்லை. நிறுவனமோ தான் வாங்கிய செங்கல்லுக்கும் மரத்துக்கும் கட்டிய வரியைத் தன் வரிக் கணக்கின் மூலம் மீளப் பெற்றுவிடுகிறது. ஆகவே அந்த வீட்டின் விலையில் வரி ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. அதே வீட்டை ஒருவர் தாமே நின்று கட்டினால், அவர் வியாபாரி அல்லர் என்ற ஒரே காரணத்தினால் பொருட்களின் மீதான வரி முழுவதும் அவர் தலையில் விழும். வாங்கியவருக்கு இல்லாத வரி கட்டியவருக்கு மட்டும் ஏன் என்ற கேள்விக்குச் சட்டம் தரும் பதில்தான் இந்த மீளளிப்பு. இதைச் சலுகை என்று சொல்வதை விட, இருவரையும் ஒரே நிலையில் நிறுத்தும் நீதி என்று சொல்வதே பொருந்தும் என்பது என் எண்ணம்.

ஆனால் பொருளுக்குக் கட்டிய வரிதான் திரும்பி வரும். வேலைக்குக் கட்டிய வரி வராது. இந்த இடத்தில்தான் பணம் கைநழுவிப் போகிறது. புதிய வீடு கட்டும் வேலைக்கும், அந்த வேலையோடு சேர்த்து ஒப்பந்தக்காரர் கொண்டுவந்து பொருத்தும் பொருட்களுக்கும் அவர் பூச்சிய வீதத்திலேயே பற்றுச்சீட்டு எழுத வேண்டும். அவர் பழக்கத்தின் காரணமாக 20 சதவீதத்தைச் சேர்த்து எழுதி, வீட்டுக்காரரும் அதைக் கட்டிவிட்டால், அந்தத் தொகையை வரித் திணைக்களம் திருப்பித் தராது. தவறாக வசூலிக்கப்பட்ட வரியை வசூலித்தவரிடமே கேட்டுப் பெற்றுக்கொள்ளும்படிதான் சொல்லும். தங்கைக்கு வந்த ஒரு பற்றுச்சீட்டு இப்போதும் என் நினைவில் நிற்கிறது. குளியலறைத் தரைக்கு மாபிள் பதித்தவர் கல், பசை, கூலி மூன்றையும் ஒரே வரியில் எழுதி, அடியில் 20 சதவீதத்தைக் கூட்டியிருந்தார். காசு கொடுப்பதற்கு முன்பே அது என் கண்ணில் பட்டதால், வீடு கட்டுவதற்குக் கிடைத்த திட்ட அனுமதியின் பிரதியைக் காட்டி, பூச்சிய வீதத்தில் வேறொரு பற்றுச்சீட்டு எழுதித் தரும்படி கேட்கச் சொன்னேன். அவர் மறுபேச்சில்லாமல் எழுதிக் கொடுத்தார். பணம் கைமாறிய பிறகு கேட்டிருந்தால் இத்தனை எளிதாக முடிந்திருக்காது.

வாடகையிலும் இதே நுணுக்கம் இருக்கிறது. மண் தோண்டும் இயந்திரத்தை ஓட்டுநரோடு அமர்த்தினால் அது கட்டுமான வேலையாகக் கொள்ளப்பட்டுப் பூச்சிய வீதத்துக்குள் வரும். இயந்திரத்தை மட்டும் வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டினால் முழு வரி; அது திரும்பியும் வராது. கட்டடச் சாரத்தைக் கட்டி அவிழ்க்கும் கூலிக்கு ஒரு கணக்கு, சாரத்தின் வாடகைக்கு வேறொரு கணக்கு. வரைபடம் வரைந்தவர், நில அளவையாளர் போன்றோரின் கட்டணத்துக்குச் செலுத்திய வரியும் போனது போனதுதான்.

பொருட்களிலும் எல்லாம் சேராது. கட்டடத்தோடு சேர்த்துப் பொருத்தப்பட்டு, வழமையாக ஒரு வீட்டில் இருப்பதாக இருக்க வேண்டும் என்பதே அளவுகோல். சமையலறையில் பொருத்தும் அலுமாரிகள், கழுவுதொட்டி, கதவு, ஜன்னல், மரத்தரை, மாபிள், கூரையில் பூட்டும் சூரியக்கலங்கள் ஆகியவை உள்ளே வரும். குளிர்சாதனப் பெட்டி, சமையல் அடுப்பு, சலவை இயந்திரம், தரைவிரிப்பு, திரைச்சீலை ஆகியவை வெளியே நிற்கும். சாமியறைக்கென்று தங்கை வாங்கிய சிறிய மர மண்டபம் தளபாடமாகவே கருதப்படும் என்பதால் அதை நான் பட்டியலில் எழுதவில்லை. வெளிநாட்டிலிருந்து தருவித்த கட்டடப் பொருளாக இருந்தால், இறக்குமதியின்போது செலுத்திய பெறுமதி சேர் வரியையும் கோரலாம். அதற்குரிய சுங்கப் பத்திரம் கையில் இருக்க வேண்டும்.

எங்கள் குடும்பங்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. ஊரிலிருந்து அம்மா அப்பாவைக் கூப்பிட்டு வைத்திருப்பதற்காக வளவுக்குள் தனியாக ஒரு சிறு வீடு கட்டுவது வழக்கம். அதற்குக் கிடைக்கும் திட்ட அனுமதியில், இந்தக் கட்டடத்தைப் பிரதான வீட்டிலிருந்து பிரித்துப் பயன்படுத்தவோ விற்கவோ கூடாது என்ற நிபந்தனை இருந்தால், அது தனி வீடாகக் கணிக்கப்படாது, வரியும் திரும்பாது. இருக்கும் வீட்டை நீட்டிக் கட்டுவதற்கும் இந்த ஏற்பாட்டில் இடமில்லை. பழைய வீட்டை இடித்துக் கட்டுபவர்கள் தரைமட்டம் வரை இடித்திருக்க வேண்டும். முன்சுவரை விட்டுவைப்பதற்கும் திட்ட அனுமதியே அதைக் கட்டாயமாக்கியிருக்க வேண்டும். ஆகவே அனுமதிக் கடிதத்தின் நிபந்தனைகளை, அத்திவாரம் வெட்டுவதற்கு முன்பே ஒரு முறை ஆறுதலாக இருந்து வாசிப்பது அவசியம்.

கோரிக்கையை ஒரு வீட்டுக்கு ஒரு தடவைதான் அனுப்பலாம். முன்பு வீடு முடிந்து மூன்று மாதங்களுக்குள் அனுப்ப வேண்டியிருந்தது. 2023 டிசம்பர் 5 முதல் அந்தக் காலம் ஆறு மாதங்களாக்கப்பட்டு, இணையத்தின் வழியாக அனுப்பும் வசதியும் வந்திருக்கிறது. "அண்ணா, ஒரு பில் பிந்தி வந்தால் பிறகு சேர்த்து அனுப்பலாம்தானே?" என்று தங்கை கேட்டாள். அப்படிச் சேர்க்க முடியாது என்பதால், கடைசி வேலைக்காரரின் கணக்கும் தீரும்வரை பொறுத்திருந்து, தவணைக்குள் அனுப்பினோம்.

கனடாவில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கும் தாமே கட்டும் வீட்டுக்குப் பொருட்கள், சேவைகள் வரியில் ஒரு பகுதி மீளக் கிடைக்கும் ஏற்பாடு இருக்கிறது. ஆனால் நீண்ட காலமாக இருந்துவரும் அந்தக் கூட்டாட்சி மீளளிப்பு, வீட்டின் பெறுமதி 350,000 டொலரைத் தாண்டியதும் குறையத் தொடங்கி, 450,000 டொலரில் இல்லாமலே போய்விடுகிறது. இன்றைய ரொறன்ரோவில் அந்த விலைக்கு வீடு ஏது? மாகாண அரசு தரும் பகுதியைத் தனியாக விசாரித்துக்கொள்ள வேண்டும்.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். இலங்கையில் 2002 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கப் பெறுமதி சேர் வரிச் சட்டத்தின்படி, வாங்கும்போது செலுத்திய வரியைக் கழித்துக்கொள்ளும் உரிமை வரிக்குப் பதிவு செய்த வியாபாரிக்கு மட்டுமே உண்டு. தன் வீட்டைத் தானே கட்டும் ஆசிரியரோ கடற்றொழிலாளியோ கடைசி நுகர்வோர். அவரிடமிருந்து வாங்கிய வரி அவரிடம் திரும்புவதில்லை. 2019 இன் இறுதியில் 8 சதவீதமாகக் குறைக்கப்பட்ட அந்த வரி, 2022 ஜூனில் 12, அதே ஆண்டு செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18 சதவீதம் என்று ஏறியது. 2022 ஒக்டோபரில் இருந்து 2.5 சதவீத சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரியும் சேர்ந்திருக்கிறது. அரைவாசியில் நின்ற வீட்டை அந்த ஆண்டுகளில் முடிக்க முயன்ற குடும்பங்கள் பட்ட பாட்டை, நிலாவெளியிலும் சாம்பல்தீவிலும் பூசாத சுவர்களுக்குள்ளேயே குடிபுகுந்தவர்களைப் பார்த்து அறிந்தவன் நான்.

சீமெந்து எங்கள் ஊர்க் குடாவின் கரையிலேயே அரைக்கப்படுகிறது. ஆனாலும் ஆலைக்கு எத்தனை பக்கத்தில் இருந்தாலும் மூடையின் விலையில் அந்த 18 சதவீதம் இருக்கத்தான் செய்கிறது. மேசனின் நாட்கூலியில் இந்த வரி இல்லை. ஆற்று மணலை உழவு இயந்திரத்தில் ஏற்றி வந்து பறிப்பவரிடமும் பெரும்பாலும் வரிப் பற்றுச்சீட்டு இருக்காது. எனவே வரியின் பாரம் முக்கியமாகச் சீமெந்து, கம்பி, மாபிள், மின்வயர், குழாய், பெயின்ற் ஆகியவற்றில்தான் இருக்கிறது. இத்தகைய பொருட்களுக்கு வரியோடு சேர்த்து 60 இலட்சம் ரூபாய் செலவழித்தவர், அதில் ஏறத்தாழ 9 இலட்சத்து 15 ஆயிரம் ரூபாயை வரியாகவே கொடுத்திருக்கிறார். ஒரு வீட்டின் கூரையை முடிக்கப் போதுமான காசு அது.

திருப்பிக் கொடுப்பது நிர்வாகத்துக்கு இயலாத காரியம் என்று சொல்லிவிட முடியாது. இங்கு வந்து பொருள் வாங்கிச் செல்லும் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணி, செலுத்திய பெறுமதி சேர் வரியை விமான நிலையத்தில் மீளப் பெறுவதற்கான திட்டம் 2018 இல் கட்டுநாயக்கவில் தொடங்கப்பட்டது. உப்புவெளிக் கடற்கரையில் தங்கிப் போகிறவருக்கு உரிய மரியாதை, அதே கடற்கரையில் பிறந்து, ஆயுளில் ஒரேயொரு வீட்டைக் கட்டுகிறவருக்கும் கிடைக்க வேண்டும் என்று கேட்பதில் பிழை இல்லை. முப்பது ஆண்டு யுத்தத்திலும் 2004 சுனாமியிலும் வீடிழந்து, ஒன்றுக்கு இரண்டு தடவை அத்திவாரம் போட்ட குடும்பங்கள் இந்த மாவட்டத்தில் எத்தனையோ இருக்கின்றன.

வரி திரும்பாவிட்டாலும் பற்றுச்சீட்டுகளை எறிந்துவிட வேண்டாம் என்று இங்கு கட்டுபவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். பின்னொரு காலத்தில் அந்த வீட்டை விற்க நேர்ந்தால், மூலதன ஆதாய வரியைக் கணக்கிடும்போது கட்டிய செலவைக் கழிப்பதற்கு அவைதான் சான்று. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து சொந்தமாக இருந்து, அதில் குறைந்தது இரண்டு ஆண்டுகள் தாமே குடியிருந்த பிரதான வீட்டுக்கு அந்த வரியிலிருந்து விலக்கு உண்டு. வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் கட்டிப் பூட்டி வைத்திருப்பவர்களுக்கு அந்த விலக்குப் பொருந்தாது. அவர்களுக்கே பற்றுச்சீட்டு கூடுதலாகத் தேவைப்படும். கடை பெறுமதி சேர் வரிக்குப் பதிவு செய்யப்பட்டதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2024 ஜனவரியில், ஆண்டுக்கு 6 கோடி ரூபாய் விற்பனையைத் தாண்டும் வியாபாரி கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று ஆக்கப்பட்டது. பதிவு இல்லாதவர் பற்றுச்சீட்டில் இந்த வரியைத் தனியாகக் கூட்டி வாங்கச் சட்டம் இடங்கொடுக்கவில்லை.

இலங்கையில் இப்படியொரு மீளளிப்பைக் கொண்டுவருவதானால், அதற்கு வேண்டிய கடதாசிகள் ஏற்கெனவே எங்கள் கைகளில் இருக்கின்றன. பிரதேச சபை தரும் கட்டட அனுமதி, வேலை முடிந்ததும் அது வழங்கும் இணக்கச் சான்றிதழ், பதிவு பெற்ற கடைகளின் பற்றுச்சீட்டு ஆகிய மூன்றையும் வைத்து ஒரு கோரிக்கையை முழுமையாகச் சரிபார்க்கலாம். ஒருவருக்கு ஆயுளில் ஒரு வீடு, நடுத்தரமான ஒரு பரப்பளவு எல்லை, ஆடம்பரப் பொருட்களுக்கு இடமில்லை என்று வரையறுத்தால் செலவும் கட்டுக்குள் நிற்கும். வாங்குபவர் ஒவ்வொருவரும் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கத் தொடங்குவதால், மறைக்கப்படும் விற்பனை வெளியே வந்து, கொடுத்ததில் ஒரு பங்கு திறைசேரிக்கே திரும்பும். வரவு செலவுத் திட்டத்துக்குப் பொதுமக்களிடம் யோசனை கேட்கும்போது இதை எழுதி அனுப்ப இருக்கிறேன். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் தங்கள் பற்றுச்சீட்டுகளில் உள்ள வரியைக் கூட்டிப் பார்த்து அந்தத் தொகையை எனக்கு அறிவித்தால், அவற்றையும் அதில் சேர்த்துக்கொள்வேன்.